பின்கேட்டுச் சாவி

கோயம்புத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கம் பதினெட்டு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ரோட்டில் அடிபட்டவர்களை நான் பெரும்பாலும் காகிதமாகத்தான் பார்ப்பேன். எஃப்ஐஆர் நகல், வூண்ட் சர்டிபிகேட், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆர்சி, இன்சூரன்ஸ், லைசென்ஸ். ஆள் போய்ச் சேர்ந்திருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்றிதழ். வக்கீல் "அஞ்சு செட்டு போட்டுட்டு வாங்க" என்று அனுப்பியிருப்பார். லைசென்ஸ் எங்கே என்று கேட்டால் சிலர் குரலைத் தாழ்த்தி "அது இல்லீங்" என்பார்கள். அந்த ஒரு தாள் இல்லாததால் அந்தக் குடும்பம் இன்னும் எத்தனை வருடம் கோர்ட்டுக்கு நடக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொள்வேன்.

2023 ஜனவரியில் எங்கள் குடியிருப்போர் சங்கம் சாலைப் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவது என்று முடிவு செய்தது. கொண்டாடுவது என்றுதான் தீர்மானத்திலும் எழுதியிருந்தது. அந்த வருடம் 11-ஆம் தேதியிலிருந்து 17 வரை. நடுவில் பொங்கல் வந்துவிட்டது. பாதி வாரம் ஊரே இல்லை.

நோட்டீஸ் அடிக்கும் வேலை என் தலையில். மஞ்சள் தாளில் இரண்டாயிரம். மேலே கொட்டை எழுத்தில், 2021-ல் தமிழ்நாட்டில் 55,682 விபத்துகள், 15,384 உயிர்கள் என்று போட்டோம். கீழே பத்து அறிவுரை. மூன்றாம் நாள் பஜ்ஜிக் கடையில் எண்ணெய் ஒற்ற அதே மஞ்சள் தாளைத்தான் கொடுத்தார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. பதினைந்தாயிரம் என்ற எண்ணைப் பார்த்து யாருக்கும் பயம் வருவதில்லை. அது எங்கேயோ, யாருக்கோ.

ஹெல்மெட் ஊர்வலமும் நடத்தினோம். கொடி அசைத்துப் படம் எடுத்து முடித்ததும் டீக்கடை வாசலில் பாதி ஹெல்மெட் கண்ணாடிக் கம்பியில் தொங்கியது. 2022 அக்டோபரில்தான் தமிழ்நாட்டில் அபராதம் ஆயிரம் ரூபாய் ஆகியிருந்தது, பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து. அதனால் எல்லோரிடமும் ஹெல்மெட் இருந்தது. கிளிப் போடுபவர்கள்தான் குறைவு. கிளிப் போடாத ஹெல்மெட், விழும்போது தலைக்கு முன்னால் அதுவே கழன்று ஓடிவிடும். இதை நோட்டீஸில் எழுதியிருக்கலாம். நாங்கள் எழுதியது "தலைக்கவசம் உயிர்க்கவசம்".

கடைசியாக ரோஜாப் பூ. எங்கள் ரோட்டில் பெரிய தொல்லை ராங் சைடு. எதிர் திசையில் வருபவர்களை நிறுத்திப் பூக் கொடுத்து வெட்கப்பட வைப்பது என்று திட்டம். ஸ்கூட்டியில் இரண்டு குழந்தைகளோடு வந்த ஒரு அம்மா பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். "ஏனுங்கண்ணா, நாளைக்கும் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு அதே ராங் சைடில் போய்ப் பள்ளிக்கூடத்தில் இறங்கினார். எல்லோரும் சிரித்தோம். அடுத்து நிறுத்திய லேத் பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. "ரோட்டு நடுச்சுவத்துல திரும்பறதுக்கு இருந்த கேப்பை அடைச்சுப் போட்டு பூக் குடுக்கறீங்களாக்கும்?" என்றார்.

அவர் சொன்னது எனக்கு உறைக்க ஒரு மாதம் ஆனது.

என் கடையில் வேலை பார்க்கும் பெண் பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாப் எதிர்ப்பக்கம். எங்கள் பக்க ரோட்டில் வண்டிகள் வலது கைப்பக்கத்திலிருந்துதான் வரும். அவள் வலது பக்கம் பார்த்தாள், காலியாக இருந்தது, இறங்கினாள். இடது பக்கமிருந்து ராங் சைடில் வந்த பைக் கணுக்காலில் ஏறிவிட்டது. சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்த மாதிரியே பார்த்துத்தான் கடந்தாள்.

கூட்டம் கூடியதும் நாலு பேர் கையையும் காலையும் பிடித்து ஆட்டோவில் ஏற்றப் பார்த்தார்கள். வேண்டாம் என்று கத்தினேன். 108-க்கு அடித்தால் அவர்கள் கேட்ட முதல் கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை. "எந்தப் பக்கம் போற ரோட்டுலங்க?" நடுவில் சுவர் வைத்த ரோட்டில் எதிர்ப்பக்கம் வந்து நின்றுவிட்டால் ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அதனால் இடத்தைச் சொல்லும்போது எந்த ஊரைப் பார்த்துப் போகும் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வந்தவர்கள் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டி, ஆட்டாமல் தூக்கிப் போனார்கள்.

அன்றைக்கு நின்று பார்த்தவர்களில் இரண்டு பேர் "கிட்டப் போனா கேஸுல சேர்த்துருவாங்க" என்றார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. உதவி செய்பவரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளை 2016-லேயே உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கிவிட்டது. பிறகு 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134ஏ என்று தனிப் பிரிவே வந்தது. பெயர் சொல்லக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. முதல் 48 மணி நேரத்துக்கு இலவசச் சிகிச்சை தரும் அரசுத் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது, 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்று. தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு, பட்டியலில் இருக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் எது பட்டியலில் இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ரத்தத்தைப் பார்த்த பிறகு கேட்க வாய் வராது.

மோதியவர் ஓடவில்லை. டிபன் கேரியர் மாட்டிய பைக், பட்டறை வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு இரண்டு குடும்பமும் பேசி முடித்தார்கள். எஃப்ஐஆர் இல்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. காகிதத்தில் வராத விபத்து கணக்கிலும் வராது. நெடுஞ்சாலைகளில் ஒரு இடத்தை 'பிளாக் ஸ்பாட்' என்று சொல்ல ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 500 மீட்டர் தூரத்துக்குள் மூன்று வருடத்தில் மரணமோ பலத்த காயமோ உள்ள 5 விபத்துகள், இல்லாவிட்டால் 10 சாவு. எங்கள் ரோட்டில் மாதம் ஒரு கணுக்கால் உடைந்தாலும் அத்தனையும் பேசி முடிந்துவிடும். அரசாங்கத்தின் கண்ணில் அது நல்ல ரோடு.

சரி, நாமே எண்ணுவோம் என்று கிளம்பினோம். பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் மூன்று பேர், நான், ரிட்டயர்ட் போஸ்ட்மேன் ஒருவர். காலை ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்கால் வரை மூன்று நாள். ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தேன்: ராங் சைடு, கிளிப் இல்லை, மூன்று பேர், போன், சின்னப் பையன் ஓட்டுகிறான். நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு. முதல் நாளே ராங் சைடு கட்டம் நிரம்பி, தாளைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. மற்ற கட்டங்களில் அங்கங்கே நாலைந்து கோடு. நாங்கள் நோட்டீஸில் பத்து அறிவுரை போட்டிருந்தோமே, அதில் ராங் சைடு எட்டாவது.

இரண்டாம் நாள் தாளைக் கூட்டும்போது பிளஸ் ஒன் படிக்கும் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அங்கிள், இதுல ஒரு கோடு நீங்க." கடையைத் திறக்க வரும்போது நானும் அப்படித்தான் வந்திருக்கிறேன். பழக்கத்தில் தெரியவே இல்லை. அழித்துவிடவா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

அன்றைக்கே பைக்கை எடுத்துக்கொண்டு போய் மீட்டரைப் பார்த்து அளந்தேன். பள்ளிக்கு எதிரே இருந்த கேப்பை, அங்கே ஒரு சாவு நடந்த பிறகு அடைத்திருந்தார்கள். அடைத்ததில் தப்பில்லை. ஆனால் அடுத்த யூ டர்ன் ஏறக்குறைய 700 மீட்டர் தள்ளி. போக 700, வர 700. நாற்பது மீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு, மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, யாரும் ஒன்றரை கிலோமீட்டர் சுற்ற மாட்டார்கள். எதிர் திசையில் ஓட்டுவது அபாயகரமாக ஓட்டும் குற்றம் என்று 184-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அது ஓட்டுபவர்களுக்கும் தெரியும்.

எண்ணியதில் இன்னொன்றும் கிடைத்தது. நாங்கள் கட்டிய சாலைப் பாதுகாப்பு ஃப்ளெக்ஸ் ஜீப்ரா கிராஸிங்குக்குச் சற்று முன்னால் எட்டடிக்கு ஆறடி நின்றது. அதன் பின்னாலிருந்து ஒரு குழந்தை இறங்கினால் வண்டிக்காரனுக்குத் தெரியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு மீட்டர் ரோட்டைக் கடக்கக் குழந்தைக்கு ஆறு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் அந்த ஆறு நொடியில் 80 மீட்டருக்கு மேல் வந்துவிடும். 30-ல் வந்தால் 50 மீட்டர்தான். குழந்தையின் கண்ணுக்கு 80 மீட்டராவது தெரிய வேண்டும். எங்கள் பேனர் அதைத்தான் மறைத்துக்கொண்டிருந்தது. அன்று மத்தியானமே பிளேடால் கயிற்றை அறுத்துக் கழற்றினேன். சங்கத் தலைவர் படம் அதில் இருந்தது. இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

தாள்களை எடுத்துக்கொண்டு முதலில் ஒரு அலுவலகம் போனோம். இது எங்கள் ரோடு இல்லை என்றார்கள். அவர்கள் சொன்ன அடுத்த இடத்திலும் அதே பதில். மூன்று வாரம் அப்படியே போனது. அந்தப் போஸ்ட்மேன்தான் வழி கண்டுபிடித்தார். இளநீர்க் கடைக்குப் பின்னால் பாதி மண்ணில் புதைந்த கிலோமீட்டர் கல் ஒன்று இருந்தது. காய்களை நகர்த்தச் சொல்லிப் பார்த்தால் தலையில் பச்சைப் பெயிண்ட். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. முப்பது வருடம் தபால் கொடுத்தவருக்கு அது தெரிந்திருந்தது. மனு எழுதும் முன் ரோடு யாருடையது என்று கண்டுபிடியுங்கள். கல் இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு வரி எழுதிக் கேட்கலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். நாங்கள் அதே சட்டத்தில் மூன்று வருட விபத்து விவரத்தையும் கேட்டோம். எத்தனை என்று மட்டும் கேட்காமல் எந்த இடம், எத்தனை மணி, என்ன வாகனம் என்று பிரித்துக் கேட்டோம்.

மனுவில் நாங்கள் கோபப்படவில்லை. இதை நான் அடித்துச் சொல்வேன். என் கடைக்கு வரும் மனுக்களில் பாதி, திட்டி எழுதியவை. வாங்குபவர் முதல் பாராவிலேயே மூடிவிடுவார். எங்களுடையது ஒரே பக்கம். கீழே மூன்று நாள் கோடு போட்ட தாள், கையால் வரைந்த வரைபடம், நாலு புகைப்படம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்துப் பதிவு எண் வாங்கினோம். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கலெக்டர்தான் தலைவர். நெடுஞ்சாலை, போலீஸ், ஆர்டிஓ எல்லோரும் உட்காரும் மேஜை அது ஒன்றுதான். அங்கே போய்விட்டால் "எங்கள் ரோடு இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

இடைப்பட்ட நாட்களில் பொறுமை இல்லாத சிலர் ஒரு வேலை செய்தார்கள். பக்கத்துத் தெருவில் ரோடு போட வந்தவர்களிடம் பேசி, மிச்சத் தாரில் பள்ளி முன்னால் ஒரு மேடு போட்டுவிட்டார்கள். எனக்கும் தெரியும், நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு சாண் உயரம், இரண்டடி அகலம், பெயிண்ட் கிடையாது. மூன்றாம் நாள் ராத்திரி பத்து மணிக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி அதில் ஏறி விழுந்தார்கள். அந்த அம்மாவின் மோவாயில் தையல். சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், உயரம் 10 சென்டிமீட்டர்தான். 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி தூக்கிப் போடாமல் ஏறி இறங்க வேண்டும். முன்னால் அறிவிப்புப் பலகை, மேலே பட்டைப் பட்டையாகப் பெயிண்ட். நாங்கள் போட்டது வேகத்தடை இல்லை, பொறி. அடுத்த நாள் கடப்பாரையால் அதைப் பெயர்த்தபோது போட்டவர்களில் ஒருவர்கூட வரவில்லை.

பெரிய மாற்றம் வந்தது ரோட்டிலிருந்து இல்லை என்பதுதான் விசேஷம். வரைபடம் வரையும்போது அந்தப் பிளஸ் ஒன் பெண் பள்ளிக்குப் பின்னால் ஒரு கதவையும் வரைந்தாள். பின் தெருவில் ஒரு கேட் உண்டு, துருப்பிடித்த பூட்டோடு. பிள்ளைகளில் நிறையப் பேர் பின்பக்கக் குடியிருப்பிலிருந்துதான் வருகிறார்கள். கேட் பூட்டியிருப்பதால் மெயின் ரோட்டுக்கு வந்து சுற்றி முன்கேட்டில் நுழைகிறார்கள். ஏன் பூட்டினீர்கள் என்று கேட்டால், வாட்ச்மேன் ஒரே ஆள், இரண்டு கேட்டை எப்படிப் பார்ப்பார் என்றார்கள். அது நியாயமான பதில். பெற்றோர் கூட்டத்தில் பேசி, காலையிலும் சாயங்காலமும் அரை மணி நேரம் பெற்றோர் இருவர் முறை வைத்து நிற்பது என்று ஏற்பாடானது. சாவி தொலைந்துபோயிருந்தது. பூட்டை உடைத்துப் புதுப் பூட்டு வாங்கினோம். மொத்தச் செலவு அந்தப் பூட்டுதான். மறுவாரம் முன்கேட்டில் நெரிசல் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது. சின்ன வகுப்புகளைக் கால் மணி நேரம் முன்னால் விட்டதும் சேர்ந்துகொண்டது.

அதே பெற்றோர் கூட்டத்தில் இன்னொன்று. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் ஸ்கூட்டியில் வருவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வழக்கமாக ரத்தப் படம் போட்டுக் காட்டுவார்கள், பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் ஒரு குடும்பத்திடம் அனுமதி வாங்கி, பெயர், முகவரியை மறைத்து ஒரு செட்டு நகலைக் கொண்டுபோனேன். தாள் தாளாக மேஜையில் வைத்தேன். இது எஃப்ஐஆர். இது டிஸ்சார்ஜ் சம்மரி. லைசென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாள் ஒன்று. 199ஏ பிரிவில் பதினெட்டு வயது ஆகாதவர் ஓட்டிக் குற்றமானால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது என்று சொன்னேன். பின் வரிசையில் ஒரு அப்பா எழுந்து "இன்சூரன்ஸ் இருக்குதுங்களே?" என்றார். அந்த வெள்ளைத் தாளைக் காட்டினேன். உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். சிலர் ஸ்கூட்டியைப் பள்ளிக்கு ஒரு தெரு முன்னால் நிறுத்திவிட்டு நடந்து வர ஆரம்பித்தார்கள்.

கேப் விஷயம் முடிய ஏழு மாதம் ஆனது. பழைய இடத்தில் திறக்க முடியாது என்று போலீஸ் சொல்லிவிட்டது. நேராகக் குறுக்கே போகிற வண்டிகளால்தான் அந்தச் சாவு நடந்தது என்று காரணத்தையும் வரைந்து காட்டினார்கள். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. பஸ் ஸ்டாப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், திரும்ப மட்டும் வசதியாக, எதிர்ப்பக்கம் ரோட்டைச் சற்று அகலப்படுத்தி ஒரு யூ டர்ன் கொடுத்தார்கள். ஜீப்ராவுக்கு இரண்டு பக்கமும் அளவான வேகத்தடை. திறந்த வாரம் மறுபடி தாளோடு நின்றோம். கோடுகள் முன்பக்கத்திலேயே முடிந்துவிட்டன. பாதிக்கும் கீழே. அந்த ரோஜாப் பூ அம்மா யூ டர்ன் அடித்து வந்தார். நாங்கள் கையசைத்ததை அவர் கவனிக்கவில்லை, பின்னால் பையன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

என் கடைப் பெண் இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். இப்போதும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மறுபடி ஒருமுறை இடது பக்கம் பார்த்துத்தான் இறங்குகிறாள்.

போன மாதம் அந்த ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டார்கள். வழுவழு என்று இருக்கிறது. வேகத்தடை பாதி உள்ளே போய்விட்டது, ஜீப்ராக் கோடு இல்லை, வண்டிகள் பறக்கின்றன. பழைய ஃபைல் கடையில்தான் இருக்கிறது, முதல் தாளில் தேதியை மட்டும் மாற்றினேன். அந்தப் பிளஸ் ஒன் பெண் இப்போது காலேஜ் போய்விட்டாள். அவள் தம்பி நேற்றுக் கட்டம் போட்ட தாள் கேட்டு வந்தான், பத்து போதும் என்றான். இருபது எடுத்துக் கொடுத்தேன், இரண்டு பக்கமும்.